எக்ஸ் குறி போட்ட வீடு

குழந்தை மருத்துவரான என்னிடம் இளம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: "போலியோதான் ஒழிஞ்சிருச்சே டாக்டர், முகாமுக்கு எதுக்குப் போகணும்?"

2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததற்குப் பிறகு, இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் யாரையும் முடக்கவில்லை. உண்மைதான். ஆனால் 2009இல்கூட இங்கே 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அதை நிறுத்தியதில் பெரும் பங்கு வீடு வீடாக நடந்தவர்களுடையது.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சொட்டு மருந்து கொடுத்து முடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை விட்டுப்போனாலும் 'எக்ஸ்'. குழந்தை பாட்டி வீட்டில் இருக்கலாம், தூங்கலாம், அப்பா வேண்டாம் என்றிருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்த வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். என்னைக் கேட்டால், போலியோவை விரட்டியது இந்த இரண்டாவது நடைதான். பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் படகிலும் சேற்றிலும் போனார்கள். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி பரவிய ஊர்களில் மதப் பெரியவர்களும் உள்ளூர்ப் பெண்களும் வாசலில் உட்கார்ந்து பேசிப் பேசி மனதை மாற்றினார்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். ரோட்டரி சங்கத்தினர் 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தபோது பலர் நம்பவில்லை. 1988இல் 125 நாடுகளில் ஆண்டுக்கு சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று இயற்கை வைரஸ் விடாமல் பரவுவது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே. பாகிஸ்தானில் தோளில் ஐஸ் பெட்டியோடு போகும் பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அப்படியும் போலீஸ் காவலோடு அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, நமக்கென்ன என்கிறீர்களா? 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் கிடைத்தது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத இளைஞர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தைக்கு வந்தது; சண்டை நின்ற சில மணி நேரங்களைப் பயன்படுத்தி அங்கே லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

உங்கள் குழந்தைக்கு அட்டவணைப்படி எல்லாத் தவணையும் போட்டிருந்தாலும் முகாம் சொட்டு மருந்தையும் கொடுங்கள். லேசான சளி, இருமல் இருந்தால்கூடக் கொடுக்கலாம். குழந்தை தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.