உணவைக் காக்கும் உறைப்பூச்சு

இறைச்சித் துண்டோ பாலாடைக்கட்டியோ கெடத் தொடங்குவது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். அதனால் பதப்படுத்தும் பொருளை உணவு முழுவதும் கலக்காமல், அதைத் தொட்டிருக்கும் உறையின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாக இட்டால் சிறிதளவே போதுமானதாகிறது.

இவ்வகைப் பூச்சுகளுக்காக மிகுதியாக ஆராயப்பட்ட மூலப்பொருள்களுள் ஒன்று கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினைச் செறிந்த காரக் கரைசலில் சூடாக்கும்போது அசிட்டைல் தொகுதிகள் நீங்கி அமினோ தொகுதிகள் வெளிப்படுகின்றன. அவ்வாறு கிடைப்பதே கைட்டோசான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் இதைக் கரைத்துத் தாளின்மீது பூசி உலர்த்தலாம். பிஎச் மதிப்பு ஏறத்தாழ 6.5க்குக் கீழே, அதாவது அமிலத்தன்மை உள்ள சூழலில், அமினோ தொகுதிகள் புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் அடைகின்றன. பாக்டீரியாவின் புறப்பரப்போ எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, செல்சவ்வின் ஒழுங்கு குலைந்து உள்ளிருக்கும் பொருள்கள் கசிந்து வெளியேறுகின்றன. அமிலத்தன்மை குறைந்த உணவில் இந்த ஆற்றல் தளர்ந்துவிடும் என்பதால், இயற்கைப் பொருள் என்ற அடைமொழியை மட்டும் நம்பி எல்லா உணவுக்கும் ஒரே பூச்சைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

பூச்சில் சேர்க்கத்தக்க மற்றொரு பொருள் நிசின்; லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியா உருவாக்கும் இது, 34 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். பிற பாக்டீரியாக்கள் தம் செல்சுவரைக் கட்டுவதற்குத் தேவையான லிப்பிட் 2 மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு, அங்கேயே சவ்வில் துளையிடுகிறது. குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும் லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமிக்கு எதிராக இது மிகவும் பயன்படுகிறது. ஆனால் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களை, செல்சுவருக்கு வெளியே உள்ள புறச்சவ்வு காத்துவிடுகிறது. அச்சவ்வைப் பிணைத்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகளைக் கவர்ந்துகொள்ளும் ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள் உடனிருந்தால் அந்தக் காப்பு தளரும்.

கிராம்பின் யூஜினாலும் ஓமத்தின் தைமாலும் சவ்வின் கொழுப்பில் ஊடுருவி அதைச் சிதைக்கின்றன. ஆவியாகக்கூடியவை என்பதால் உறை தொடாத இடத்தையும் எட்டுகின்றன. ஆனால் உணவு முழுவதும் அவற்றின் மணமே மேலோங்கும். வளைய வடிவச் சர்க்கரைச் சேர்மமான சைக்ளோடெக்ஸ்ட்ரின் மூலக்கூற்றின் குழிக்குள் அடைத்துவைத்தால், ஈரம் ஏற ஏற அவை சிறிது சிறிதாக வெளிவருகின்றன.

அந்த ஈரமே கைட்டோசானுக்குப் பகை. உலர்ந்த நிலையில் ஆக்சிஜனை நன்கு தடுக்கும் படலம் நீரை உறிஞ்சியதும் தளர்ந்துவிடுவதால், தேன்மெழுகு போன்ற நீர் ஒட்டாத பொருளைச் சேர்க்கின்றனர். இப்பூச்சைப் பிளாஸ்டிக்கின்மீது இட்டால் உணவு வீணாவது குறையுமே தவிர, பிளாஸ்டிக் கழிவு அப்படியே இருக்கும். மட்கும் தாளின்மீது இடும்போதுதான் இரண்டும் குறையும்.