பழைய கேமிங் கணினி: பாகத்தை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

மார்கழியில் தடையின்றி ஓடிய விளையாட்டு, கத்திரி வெயில் தொடங்கியதும் அதே கணினியில் திணறுவதை வேலூர்ப் பகுதியில் கேமிங் கணினி வைத்திருக்கும் பலர் கண்டிருப்பார்கள். கணினிக்கு வயதாகிவிட்டது, இனிப் புதிதுதான் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எளிதில் எழுகிறது. ஆனால் ஐந்தாறு ஆண்டு உழைப்பால் ஒரு பிராசசரின் வேகம் தானாகக் குறைந்துவிடுவதில்லை. வாங்கிய நாளில் எவ்வளவு கணக்கிட்டதோ ஏறக்குறைய அவ்வளவை அது இன்றும் கணக்கிட வல்லது. அதைத் தடுப்பது எது என்று கண்டறிந்த பிறகே செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் முதலில் ஐயப்பட வேண்டியது வெப்பத்தைத்தான். பிராசசர் செலவிடும் மின்திறன் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை ஹீட்சிங்க் எனும் உலோகத் தகடுகளின் தொகுதி வழியாக அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்க முடியும் என்பதால், ஒரே வேலையைச் செய்யும்போது பிராசசரின் வெப்பநிலை அறையின் வெப்பநிலையைவிடக் கிட்டத்தட்ட ஒரு குறிப்பிட்ட அளவு உயர்ந்தே நிற்கும். அறை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது 78 டிகிரியில் ஓடும் பிராசசர், அறை 38 டிகிரியானால் 91 டிகிரியைத் தொடும். காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் வெப்பத்தைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் விளையாட உட்காருவதும் அந்த நேரத்தில்தான். இன்டெலின் பல பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. வரம்பை நெருங்கியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் கடிகார வேகத்தை, அதாவது கணக்கிடும் வேகத்தை, குறைத்துக்கொள்கிறது, திரையில் விளையாட்டு திக்குகிறது.

வறண்ட பாலாற்று மணல்வெளியிலிருந்தும் சாலைகளிலிருந்தும் கிளம்பும் புழுதி இதை மேலும் மோசமாக்குகிறது. சில ஆண்டுகள் திறக்காத கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, பிராசசரின் மேலிருக்கும் ஃபேனை எடுத்துப் பார்த்தால், அதன் கீழே ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் தூசியும் முடியும் சேர்ந்து சாம்பல் நிறப் படலமாக இறுகியிருக்கும். ஃபேன் முழு வேகத்தில் இரைந்தாலும் காற்று தகடுகளுக்குள் நுழைவதில்லை. ஹீட்சிங்க்கையும் தூக்கினால், ஆதியில் பசையாக இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்வதைக் காணலாம். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்காதபடி நிரப்புவதே அந்தப் பேஸ்ட்டின் வேலை. செம்பு காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறப்பாக வெப்பத்தைக் கடத்துவதால், இடையில் புகுந்த மெல்லிய காற்றுப்படலம்கூட வெப்பத்தின் பாதையை மறித்துவிடும். புளோயரால் தூசியை ஊதும்போது ஃபேனின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடக்கூடும். தூசி நீக்கிப் புதுப் பேஸ்ட் தடவும் சிறு செலவுக்குப் பின்னரே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதன் பிறகும் திணறினால், ஒரு காட்சி திரைக்கு வரும் வழியைப் புரிந்துகொள்ள வேண்டும். நொடிக்கு 60 காட்சிகள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி, 144 என்றால் 6.9 மில்லிநொடிதான். கதைமாந்தர் எங்கே நிற்கிறார், எறிந்த பொருள் எங்கே விழும், எதிரி என்ன செய்வான் என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்ற கட்டளைகளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டு அந்தக் கட்டளைகளின்படி ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடுகிறது. கார்டு ஒரு காட்சியை வரைந்துகொண்டிருக்கையில் பிராசசர் அடுத்ததற்கு ஆயத்தமாகிறது. ஆகவே இரண்டில் எது மெதுவானதோ அதுவே முழு வேகத்தையும் நிர்ணயிக்கிறது.

எது மெதுவானது என்பதைச் செலவில்லாமல் அறிய ஒரு சோதனை உண்டு. வி-சிங்க் போன்ற வேகக் கட்டுப்பாடுகளை அணைத்துவிட்டு, விளையாட்டின் ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து 1280×720-க்குக் குறைக்க வேண்டும். பிக்சல்களின் எண்ணிக்கை 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகச் சுருங்குவதால் கார்டின் சுமை பாதிக்கும் கீழே இறங்கும், பிராசசரின் சுமையோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். காட்சி வேகம் நன்றாக உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் தடை பிராசசர் பக்கம். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதமே வேலை செய்வதாகக் காட்டுவதை நம்பி ஏமாறக் கூடாது. 12 திரெட் (ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய கணக்கு வரிசை) கொண்ட பிராசசரில் ஒரே திரெட் முழுமையாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகவே தெரியும்.

கார்டுதான் தடை என்றால் பாகத்தை மாற்றுவதே பெரும்பாலும் சரி. 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ் 1060-இன் 6 ஜி.பி. வகையை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்த நினைவகம் நொடிக்கு 192 ஜி.பி. வரை தரவை நகர்த்தும். புதிய விளையாட்டுகளின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அந்த 6 ஜி.பி.க்குள் அடங்காதபோது மீதியை மதர்போர்டு ரேமிலிருந்து இழுத்துவர வேண்டியிருக்கிறது, ஆனால் கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பி.சி.ஐ.இ. 3.0 இணைப்பின் 16 பாதைகளும் சேர்ந்து ஒரு திசையில் தருவது நொடிக்கு ஏறத்தாழ 16 ஜி.பி. மட்டுமே. சராசரி வேகம் நன்றாக இருந்தும் திடீர் திடீரென்று காட்சி நின்று போவதற்கு இந்தப் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். புதிய கார்டு பழைய போர்டிலும் பொருந்தும் என்றாலும், விலை குறைந்த சில கார்டுகள் 8 அல்லது 4 பாதைகளை மட்டுமே பயன்படுத்துபவை. ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி. நான்கு பாதை கொண்டது, பி.சி.ஐ.இ. 3.0 போர்டில் அது வேகம் இழப்பது தெரிந்த செய்தி.

பிராசசர் தடையென்றால், மதர்போர்டில் அது பொருந்தும் இடமான சாக்கெட்தான் விடை சொல்லும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு அகலமானது: 2017-இல் முதல் ரைசன் பிராசசர்களை ஏற்ற பல போர்டுகள், பயாஸ் எனும் தொடக்க மென்பொருளைப் புதுப்பித்தால் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யையும் ஏற்கின்றன. அதிலுள்ள 96 எம்.பி. எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) விளையாட்டுகளுக்குப் பெரிதும் உதவுகிறது, ஏனெனில் ரேமுக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் பிராசசர் நூற்றுக்கணக்கான கடிகாரச் சுழற்சிகளைக் காத்திருந்தே கழிக்கிறது. இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைப் போர்டுகளில் அந்த வழி இல்லை. எட்டாம் தலைமுறை பிராசசர்களுக்கும் அதே 1151 பின்கள் இருந்தும், அவற்றைப் பழைய போர்டுகள் ஏற்பதில்லை. ஆகவே பிராசசரை மாற்றப் போனால் மதர்போர்டும், டி.டி.ஆர்.5 எனும் புதிய வகை ரேம் கேட்கும் போர்டாக இருந்தால் ரேமும் கூடவே மாற வேண்டும். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் அதிகாரபூர்வப் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. இத்தனையும் ஒன்றுசேரும் கணினியில் செகண்ட் ஹேண்ட் பாகங்களுக்குப் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் விளையாட்டு திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும். சராசரி காட்சி வேகம் பெரும்பாலும் உயராது. ஒற்றை ரேம் மட்டும் இருந்தால், அதற்கு இணையான இன்னொன்றைச் சேர்ப்பது நினைவகத்தின் தரவுப் பாதையை இரட்டிப்பாக்கும்.

புதுக் கணினியே வாங்குவது என்று முடிவானாலும் பழைய எஸ்.எஸ்.டி., மானிட்டர், நல்ல நிலையிலுள்ள கார்டு ஆகியவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் அப்படி எடுக்கக் கூடாது. அதற்குள்ளிருக்கும் மின்தேக்கிகளின் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வற்றுகிறது, வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மாடி அறையில் பல கோடைகளைக் கடந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை, வாரண்டி முடிந்திருந்தால், புதிய கார்டு வாங்கும் அன்றே சேர்த்து மாற்றிவிட வேண்டும்.