உடனொளிர் துருவி

உயிருள்ள கலத்தைச் சிதைக்காமலே, அதனுள் இருக்கும் ஒட்சியேற்ற எதிரிகள் (அன்ரிஒக்சிடன்ட்) போன்றவற்றின் அளவை ஒளியாக வெளிக்காட்டும் சிறிய மூலக்கூறுகளை ஆங்கிலத்தில் ‘புளோரசன்ட் புரோப்’ என்பர். கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்று, பின்னர் ஆங்கிலவழி ஆய்வுகூடங்களுக்குள் நுழையும் நம் மாணவர்களுக்கு இச்சொல் வெறும் ஒலியாகவே சென்று சேர்கிறது என்பது எனக்கு உண்மையான கவலை. ஆதலால் அதற்கு ‘உடனொளிர் துருவி’ என்ற தமிழ்ச்சொல்லை முன்வைக்கிறேன்.

‘புளோரசன்ட்’ என்னும் முதற்சொல்லின் வேரில் இருப்பது ஒளியன்று, ஓட்டம். ‘புளுவெரே’ என்ற இலத்தீன் வினைக்கு ஒழுகுதல் என்பது பொருள். தாதுக்கள் இளகி ஓடுவதற்காக உலையில் சேர்க்கப்பட்ட கனிமம் அதனால் புளோர்ஸ்பார் எனப்பட்டது. அதன் சில வகைகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்பட்டு நீலமாக ஒளிர்வதைக் கருதி, பௌதிகவியலாளர் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் ‘புளோரசன்ஸ்’ என்ற பெயரைப் படைத்தார். அவர் ஆராய்ந்தவற்றுள் மலேரியா மருந்தான கொயினாவின் கரைசலும் ஒன்று. கொயினா தரும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென்றே நம் மலைநாட்டில் ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது.

ஆகவே ‘புளோரொளிர்வு’ என்ற வழக்கு கனிமத்தின் பெயரை மட்டுமே காக்கிறது. தூண்டும் ஒளி நின்றதும் பொதுவாக நனோசெக்கன்களுக்குள் இவ்வொளிர்வும் அடங்கிவிடுவதால், ‘உடனொளிர்வு’ என்பதே நிகழ்வைச் சொல்லும் சொல்.

‘புரோப்’ என்பது சோதித்தலைக் குறிக்கும் ‘புரோபாரே’யிலிருந்து வந்தது, புண்ணின் ஆழமறிய மருத்துவர் செலுத்தும் சலாகைக்கும் அதுவே பெயர். சலாகை என்றால் உலோகக் கம்பியே மனத்தில் தோன்றும். ‘நாடி’ அழகிய சொல்லாயினும், இலங்கைப் பாடநூல்களில் அது குருதிக்குழாயைக் குறிக்கிறது. ‘ஆய்வி’ குறையில்லாத சொல்தான், எனினும் உள்ளே புகுந்து தேடும் செயல் அதில் இல்லை. ‘துருவித் துருவிக் கேட்டாள்’ என்னும் நம் பேச்சில் அச்செயல் ஏற்கெனவே உண்டு; ஆதலால் ‘துருவி’யையே கொள்கிறேன்.

குளுட்டாதயோனை எடுத்துக்கொள்வோம். கலத்தில் ஏறத்தாழ 1 முதல் 10 மில்லிமோலர் வரை உள்ள இந்த ஒட்சியேற்ற எதிரியின் கந்தக முனை, ஒளிராதிருக்கும் துருவியோடு பிணைந்ததும் துருவி ஒளிர்கிறது. பிணைப்பு மீளாததாயின் துருவி குளுட்டாதயோன் இருப்பதைக் காட்டும், ஆனால் ஏறி இறங்கும் அளவைப் பின்தொடராது. பிணைந்தும் பிரிந்தும் சமநிலை காப்பவையே அதைத் தொடரவல்லவை. அவற்றை ‘மீள்துருவி’ எனத் தனியே பெயரிட்டு வழங்குதல் வேண்டும்.