ஒரே பெட்டியில் இரண்டு பேர்: ரயில்வே ஊழியருக்கு எது டியூட்டிப் பயணம்?

"மாமா, நானும் வேலைக்குத்தான் போறேன், அவரும் வேலைக்குத்தான் போறார். அவருக்கு மட்டும் பயணப்படி, எனக்கு இல்லையாமே?"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் பெண் கேட்டது. சிதம்பரம் ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேனாக (தண்டவாளம் பிரியும் இடங்களைக் கவனிக்கும் ஊழியர்) சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மயிலாடுதுறை பாசஞ்சரில் அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து வருபவர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் மாஸ்டர். சிதம்பரத்தில் ஒருவர் லீவு போட்டால் அந்த இடத்துக்கு இவரை அனுப்புகிறார்கள். ரயில்வே ஊழியர்களுக்கு இலவசப் பயண பாஸ் கொடுக்கும் செக்‌ஷனில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். சேர்ந்த அன்றே இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

விஷயம் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. உங்களை எந்த ஸ்டேஷனில் போஸ்டிங் போட்டார்களோ அதுதான் உங்கள் ஹெட்குவார்ட்டர்ஸ். வீடு எங்கே என்பது கணக்கில் வராது. அந்தப் பெண்ணுக்கு ஹெட்குவார்ட்டர்ஸ் சிதம்பரம். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவது அவள் பொறுப்பு. அது டியூட்டி நேரம் ஆகாது, படியும் கிடையாது. மாஸ்டருக்கோ ஹெட்குவார்ட்டர்ஸ் திருப்பாதிரிப்புலியூர். அங்கிருந்து நிர்வாகம் அவரை வெளியே அனுப்புகிறது. அதனால் அது டியூட்டிப் பயணம்.

கையில் இருக்கும் பாஸும் அதற்கேற்ப மாறும். 1986-ம் வருட ரயில்வே பாஸ் விதிகளின்படி அவருக்கு டியூட்டி பாஸ். அந்த வேலைக்காக மட்டுமே அது செல்லும். சொந்த வேலைக்கு அதை நீட்டினால் ஒழுங்கு நடவடிக்கை வரும். அவளுக்கு ரெசிடென்ஷியல் கார்டு பாஸ். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன், வேலை பார்க்கும் ஸ்டேஷன், இந்த இரண்டுக்கும் நடுவே போய்வர மட்டும். சிதம்பரம் தாண்டி மயிலாடுதுறை வரை தோழி கல்யாணத்துக்குப் போக அது உதவாது. அதற்கெல்லாம் பிரிவிலேஜ் பாஸ் தனியாக உண்டு: முதல் ஐந்து வருட சர்வீஸில் வருடத்துக்கு 1 செட் (போகவும் வரவும் சேர்த்து), பிறகு 3 செட். மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போகும் பி.டி.ஓ. (பிரிவிலேஜ் டிக்கெட் ஆர்டர்) இதில் சேராது.

எந்தப் பாஸாக இருந்தாலும் அடையாள அட்டை கூடவே இருக்க வேண்டும். கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்) டிக்கெட் இல்லாத பயணியாகத்தான் எழுதுவார். கட்டணமும் அதற்கு மேல் குறைந்தது 250 ரூபாயும் கட்ட வேண்டும். 'ஸ்டாஃப்' என்று வாயால் சொன்னால் போதும் என்று நினைத்துப் பிளாட்பாரத்தில் தலைகுனிந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கும்.

இனி பணம். ஹெட்குவார்ட்டர்ஸிலிருந்து 8 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் தினப்படி, அதாவது பயணப்படியில் நாள் கணக்கில் வரும் தொகை. வெளியே இருந்தது 6 மணி நேரத்துக்குள் என்றால் 30 சதவீதம், 6 முதல் 12 மணி நேரம் வரை 70, அதற்கு மேல் முழுசாக. மாஸ்டர் விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி மாலை நாலுக்குத் திரும்பினால் 11 மணி நேரம். ஆக 70 சதவீதம். அதே மனிதரை கடலூர் துறைமுகம் ஜங்ஷனுக்கு அனுப்பினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அது 8 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எந்த வண்டியில் போனோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எப்போது திரும்பினோம் என்பதை அன்றன்றே ஒரு சின்ன நோட்டில் குறித்துவிடுங்கள். மாதக் கடைசியில் யோசித்து எழுதும் கணக்கு நிற்காது. பில் கொடுக்கவும் கெடு உண்டு.

வண்டி ஓட்டுபவர்கள் கதை வேறு. லோகோ பைலட்டுக்கும் டிரெயின் மேனேஜருக்கும் (2022 வரை 'Guard' என்றுதான் அழைத்தோம்) தினப்படி இல்லை. ஓடிய கிலோமீட்டருக்கு ரன்னிங் அலவன்ஸ். விழுப்புரத்தில் சைன் ஆன் செய்தவரை (டியூட்டி தொடங்கப் பதிவு போட்டவரை; முடிக்கும்போது போடுவது சைன் ஆஃப்) புதுச்சேரியில் நிற்கும் வண்டியை எடுக்க அனுப்பினால், அவர் வளவனூர், வில்லியனூர் வழியாகப் பயணியாக உட்கார்ந்து போவார். அதற்குப் பெயர் 'ஸ்பேர்'. சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். ஆனால் குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதி, லாபியில் (வண்டி ஓட்டுபவர்கள் டியூட்டிப் பதிவு போடும் அறை) பதிவு போட்டுவிட்டுக் கிளம்பியவர், டியூட்டியில்தான் இருக்கிறார். சைன் ஆனிலிருந்து சைன் ஆஃப் வரை 11 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 8 மணி நேரமோ அதற்கு மேலோ டியூட்டி பார்த்துவிட்டு ஹெட்குவார்ட்டர்ஸ் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு. அதற்குக் குறைந்தால் 12. இந்த ஓய்வைச் சலுகையாக யாரும் பேசினால் எனக்குக் கோபம் வரும். பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில் வர வேண்டுமானால் விழுப்புரம் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். புதுச்சேரி முதலியார்பேட்டையில் குடியிருந்துகொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஷிப்டு பார்ப்பவர் பஸ்ஸில்தான் வருவார், பஸ்ஸில் ரயில்வே பாஸ் செல்லாது. வீடு பார்க்கும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்து அந்தப் பெண்ணின் கார்டு பாஸை வாங்கிப் பார்த்தேன். ஸ்டேஷன் பெயர்கள் சரி. அவள் பெயருக்கு முன் 'எஸ்' என்று இருந்தது. அடையாள அட்டையில் 'கே'. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எடுத்தவை. அடுத்த ரெஸ்ட் நாளில் முதல் வேலையாக அதைத் திருத்தி வாங்கச் சொல்லி அனுப்பினேன்.