ஈசிஆரில் மோதும் இரண்டு காற்றுகள்

ஜூன் மாதத்தில் ஒரு மதியம் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் வெயில், கடற்காற்று, இடிமழை மூன்றையும் பார்த்துவிட வாய்ப்பு உண்டு. உத்தண்டியில் கார் கண்ணாடியை இறக்கினால் அனல் அடிக்கும். முட்டுக்காடு தாண்டுவதற்குள் காற்று ஜிலுஜிலுவென்று மாறியிருக்கும். திரும்பி வரும்போது மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) பக்கம் வானம் கறுத்துக்கிடக்கும்.

கடல் குளிர்ச்சி, அதனால் காற்றும் குளிர்ச்சி என்று நினைக்கிறோம். ஜூனில் இந்தக் கடலின் மேல்நீர் 29 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்ந்த நீரே அல்ல. தரை 40 டிகிரிக்குப் போவதால்தான் அது குளிர்ச்சியாகத் தெரிகிறது. ஒரு கிலோ உலர்ந்த மணலை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு, ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும். போதாக்குறைக்கு, வெயில் நீருக்குள் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது; அலையும் அதைக் கலக்கிவிடுகிறது. மணலிலோ வெயில் மேல்தோலோடு நின்றுவிடும்.

சூடான தரைமேல் உள்ள காற்று விரிந்து உயர்கிறது. உயரத்தில் கடலை நோக்கி வழிகிறது. அதனால் தரைமட்டத்தில் அழுத்தம் ஒன்றிரண்டு மில்லிபார் குறைய, கடல்மேல் இருக்கும் காற்று உள்ளே நுழைகிறது.

ஆனால் எப்போது நுழையும் என்பதில்தான் விஷயம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, வறண்ட மேல்காற்றாக, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றாக, சென்னைக்கு வருகிறது. அது பலமாக வீசினால் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்படும். பதினொரு மணிக்கே உள்ளே வந்தால் தப்பித்தோம். இரண்டு மணியைத் தாண்டினால் வெந்துபோவோம். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கம் 45 டிகிரியைத் தொட்டதும் மேல்காற்று ஓங்கும் இந்தப் பருவத்தில்தான்.

கடற்காற்று வந்ததும் வெப்பமானியில் நாலைந்து டிகிரி இறங்கும், வியர்வை மட்டும் அடங்காது. காரணம் ஈரப்பதம். ஏசிக் காற்று முன்கண்ணாடியில் பட்டு அடித்துக்கொண்டிருந்தால், கண்ணாடியின் வெளிப்புறம் திடீரென்று பனிபடர்ந்ததுபோல் மங்கும். உள்ளே துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, பயன் இல்லை. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம்தான் படிந்திருக்கிறது. வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு, ஏசிக் காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டால் போதும்.

கடற்காற்று சில நூறு மீட்டர் தடிமனுள்ள அடுக்காகத் தரையை ஒட்டியே நகர்கிறது. அதன் முன்விளிம்பு மேல்காற்றில் மோதும் இடத்தில், ஈரக்காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அந்தக் கோட்டில் இடிமேகங்கள் எழும்புகின்றன. சென்னை டாப்ளர் ரேடாரில் சில நாட்களில் இந்த விளிம்பு மெல்லிய கோடாகவே தெரியும். விளிம்பு காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் போயிருந்தால் மழையும் அங்கேதான் தொடங்கும். கரையில் அப்போதும் வெயில் அடிக்கும்.

பிறகு உயரத்தில் வீசும் மேல்காற்று அந்த மேகங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. மழைத்துளிகள் ஆவியாகிக் குளிர்வித்த காற்று தரையில் விழுந்து பரவுவதால், மழைக்குச் சற்று முன் காற்றின் திசை சட்டென்று மேற்காக மாறும், புழுதி கிளம்பும். பைக்கில் போகிறவர்கள் ஒதுங்க வேண்டியது அப்போதே, முதல் துளிக்குக் காத்திருக்காமல். சில மேகங்கள் மட்டும் கரைக்கு வருமுன் வலுவிழந்துவிடும். கடற்காற்று ஏற்கெனவே குளிர்வித்த தரையின்மேல் அவற்றை வளர்க்கச் சூடான காற்று போதாது. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று வானிலை மையம் சொல்வதைக் கேலி செய்கிறோம். தாம்பரத்தில் கொட்டி, கோவளத்தில் ஒரு துளியும் விழாத மாலைகளுக்கு வேறு எப்படித்தான் சொல்வது?