நெய் உறைவதும் சுவீடன் பூச்சாடியும்

ஒரு வாசகி படம் அனுப்பிக் கேட்டிருந்தார். ஸ்டாக்ஹோமில் பழைய பொருள் சந்தையில் குட்டிப் பூச்சாடி ஒன்று வாங்கினாராம், அடியில் குஸ்தாவ்ஸ்பெர்க் என்ற சுவீடன் பீங்கான் தொழிற்சாலையின் முத்திரை. கொஞ்சமும் பளபளப்பு இல்லை, ஆனால் தடவினால் முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. இதற்கு கிளேஸ் என்கிற மேல்பூச்சு பூசியிருக்கிறார்களா, இல்லையா?

பூசியிருக்கிறார்கள். பளபளக்காததுதான் அதன் சாமர்த்தியமே.

இந்த மாதிரிப் பூச்சாடிகளை ஸ்டோன்வேர் என்பார்கள், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான மண்பாண்டம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பாட்டி ஊறுகாய் போட்டு வைத்த பழுப்பும் வெள்ளையுமான கனத்த ஜாடியும் அதே வகையறாதான். களிமண்ணை 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால், அதிலிருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற தாது உருகி இடுக்குகளை அடைத்துவிடும், தண்ணீர் கசியாது. மேலே பூசும் கிளேஸ் ஒருவகைக் கண்ணாடி: சிலிக்கா, அலுமினா, அவற்றை உருக வைக்கச் சுண்ணாம்பு போன்ற ஏதாவது. இதுவரை பள்ளிப் பாடம்.

கண்ணாடி என்றால் பளபளக்க வேண்டுமே? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். கிளேஸில் கால்சியத்தையோ மெக்னீசியத்தையோ கொஞ்சம் தாராளமாகச் சேர்த்துவிட்டால், சூளை உச்சச் சூட்டில் இருக்கும்வரை எல்லாம் கரைந்து கிடக்கும். சூடு இறங்க இறங்க அவ்வளவையும் கரைத்து வைத்திருக்க முடியாமல் உருகிய கண்ணாடி படிகங்களாக வெளியே தள்ள ஆரம்பிக்கும். உருக்கிய நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று ஃபிரிட்ஜில் வைத்தால் மெழுகு மாதிரி வழவழவென்று உறையும், மேடையிலேயே ஆற விட்டால் மணல் மணலாக உறையும். கிளேஸும் அப்படித்தான். மெதுவாக ஆறினால் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான படிகங்கள் வளர்ந்துவிடும். ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் சிதறடிப்பதால் பளபளப்பு போய்விடும், ஆனால் சொரசொரப்பாக உணர முடியாத அளவுக்கு அவை பொடி என்பதால் விரலுக்குப் பட்டு மாதிரி இருக்கும். அதே கலவை, அதே ஜாடி, வேகமாக ஆற விட்டிருந்தால் பளபளத்திருக்கும்! கனத்த செங்கல் சூளைகள் தாமாகவே நிதானமாக ஆறும். இன்றைய சின்ன மின்சூளைகள் சீக்கிரம் ஆறிவிடுவதால், மெதுவாக ஆறும்படி அவற்றை நிரல்படுத்த வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் 'கைராசி' என்று சொல்லிவிடுவது சுலபம். குஸ்தாவ்ஸ்பெர்க்கில் பெர்ன்ட் ஃப்ரீபெர்க் சக்கரத்தில் வனைந்த மெல்லிய குப்பிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், முயலின் ரோமம் போல மேலிருந்து கீழே கோடுகள் இறங்கும் கிளேஸ்கள் அவருடையவை. ஆனால் டென்மார்க்கில் 1930 முதல் 1968 வரை இயங்கிய சாக்ஸ்போ பட்டறையின் நதாலி க்ரெப்ஸ் ரசாயனப் பொறியாளர். கிளேஸ் அவர் பொறுப்பு, ஏவா ஸ்டேர்-நீல்சன் போன்றவர்கள் உருவங்களை வடிவமைத்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த அழகு. ஆராய்ச்சிக்கும் சூளைக்கும் இடையே சுவர் எழுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஃபின்லாந்தில் அரபியா தொழிற்சாலை 1932-இல் கலைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது; குஸ்தாவ்ஸ்பெர்க்கும் 1942-இல் ஸ்டூடியோ வைத்தது. தட்டும் கோப்பையும் விற்ற கம்பெனிகள், கலைஞர்களுக்குச் சூளையைக் கொடுத்து முயன்று பார்க்க விட்டன. நம் ஊரில் ஆய்வுக்குப் பணம் கேட்டால் முதல் கேள்வியே 'இதனால் என்ன லாபம்?' என்பதுதான். எனக்கு எரிச்சல் வரும் கேள்வி அது.

சரி, வாசகிக்கு ஒன்று. ஜாடியில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் விரிசலோ என்று பயப்படாதீர்கள். அந்தப் படிகங்கள் நுண்ணிய அரம் போல வேலை செய்து ஸ்பூனோ கத்தியோ உரசும்போது உலோகத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் கோடு அதுதான். ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் கூடும்.