ஒரு கிலோ ஈயத்தை கழட்டிப் பாருங்க

அந்தமான் ஹேவ்லாக்ல ஸ்கூபா சொல்லிக் குடுக்கிறேன். போட்ல ஏறுற டைவர்ஸ்கிட்ட, மிதக்காம இறங்க இடுப்பு பெல்ட்ல எவ்ளோ ஈய வெயிட் போடுவீங்கன்னு கேட்டா "கோர்ஸ்ல எட்டு கிலோ கட்டிவிட்டாங்க, அதே போட்டுக்கறேன்"னு நிறைய பேர் சொல்வாங்க, ஏன் எட்டுன்னு யாருக்கும் தெரியாது.

போன சீசன்ல சென்னைலேருந்து ஒருத்தர் வந்தார். ஒல்லியான உடம்பு, 3 மில்லிமீட்டர் வெட்சூட் (ரப்பர் டைவ் உடை), இடுப்புல 8 கிலோ. தண்ணிக்குள்ள நிமிர்ந்து நின்னு சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதிச்சிட்டே வந்தார், 25 நிமிஷத்துல டேங்க் காத்தோட அழுத்தத்தைக் காட்டுற கேஜ் 50 பாருக்கு வந்துருச்சு, நடுவுல ஃபின் பட்டு ஒரு மான்கொம்பு பவளக் கிளை ஒடிஞ்சது கூட அவருக்குத் தெரியல. மேல வந்ததும் "எனக்கு நுரையீரல்ல ஏதாவது பிரச்சனையா, காத்து இப்படித் தீருதே"ன்னு பயந்து கேட்டார். பிரச்சனை அந்த பெல்ட்லதான்.

எப்படின்னா, ஈயம் அதிகமா இருந்தா மூழ்காம இருக்க பிசிடில (காத்து அடிச்சு மிதப்பை கூட்டிக் குறைக்கிற ஜாக்கெட்) அவ்ளோ காத்து அடிக்கணும். அந்தக் காத்து தோள் பக்கம் ஏறிக்கும், ஈயம் இடுப்பை கீழ இழுக்கும், உடம்பு சாய்வா நிக்கும். அப்படி நின்னுட்டு உதைக்கிற ஒவ்வொரு உதையும் உங்களை மேல தள்ளும், உதைக்கறத நிறுத்தினா இறங்கிடுவீங்க, அதனால நிறுத்தவே முடியாது, மூச்சு வாங்கும். இன்னொண்ணு, 10 மீட்டர்லேருந்து மேல வர்றதுக்குள்ள பிசிடில இருக்கற காத்து ரெண்டு மடங்கா விரியும். காத்து எவ்ளோ அதிகமோ கடைசி 5 மீட்டர்ல கன்ட்ரோல் அவ்ளோ கஷ்டம். எக்ஸ்ட்ரா வெயிட் சேஃப்டின்னு நினைக்கறவங்க இத தயவுசெஞ்சு யோசிங்க.

செக் பண்றது டைவ் முடிவுலதான். நாம போடுற அலுமினிய டேங்க்ல 200 பார்லேருந்து 50 பாருக்கு வர்றப்ப கிட்டத்தட்ட 2 கிலோ காத்து போயிருக்கும், டேங்க் லேசாயிடும். அப்போ 5 மீட்டர்ல, பிசிடில காத்து இல்லாம, சாதாரணமா மூச்சு விட்டுட்டு அப்படியே நிக்க முடியணும். கீழ போனா அடுத்த டைவ்ல ஒரு கிலோ கழட்டுங்க, கூட இன்ஸ்ட்ரக்டர் இருக்கறப்ப. ரொம்பக் குறைச்சுட்டாலும் ஆபத்து, சேஃப்டி ஸ்டாப்ல (மேல வர்றதுக்கு முன்னாடி 5 மீட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கறது) நிக்க முடியாம மேல இழுத்துட்டுப் போயிடும்.

வெயிட் சரியானதுக்கு அப்புறம்தான் ட்ரிம், அதாவது தண்ணிக்குள்ள உடம்பு சாயாம படுத்த மாதிரி நிக்கறது. கைய மடக்கி, முட்டிய மடிச்சு, 10 செகண்ட் அசையாம இருங்க. கால் இறங்குதா, டேங்க்கை கொஞ்சம் தலைப்பக்கமா ஏத்திக் கட்டுங்க, இல்லன்னா பெல்ட்ல இருக்கற ஒரு கிலோவ டேங்க் ஸ்ட்ராப்புக்கு மாத்துங்க. தலை இறங்கினா நேர் எதிரா.

மூச்சு விஷயத்துல புதுசா வர்றவங்க அவசரப்படறாங்க. நுரையீரல்ல ஒரு லிட்டர் காத்து கூடினா ஏறக்குறைய ஒரு கிலோ லேசாவீங்க, ஆனா உடம்பு ஏற ரெண்டு மூணு செகண்ட் ஆகும். அந்த கேப்ல பொறுமை இல்லாம பிசிடி பட்டனை அழுத்திடறாங்க, அப்புறம் சர்ருன்னு மேல. இழுங்க, காத்திருங்க, விடுங்க. மூச்ச மட்டும் அடக்கவே கூடாது, ஏறுறப்ப நுரையீரல் விரிஞ்சு கிழிஞ்சிடும்.

நானும் ஆரம்பத்துல ஸ்டூடன்ட்ஸ் மணல்ல முட்டி போட்டு அசையாம இருக்கணும்னு எக்ஸ்ட்ரா ஈயம் கட்டிவிட்டிருக்கேன். அது தப்பு, அந்தப் பழக்கத்தோடயே அவங்க ரீஃபுக்கு, பவளப் பாறைக்குப் போவாங்க. 2010ல கடல் சூடாகி இங்க பவளம் வெளுத்துப் போச்சு, அதுலேருந்து மீளுறதுக்கே வருஷக்கணக்கு ஆகுது, அதுமேல நம்ம ஃபின்னும் படணுமா?

அந்தச் சென்னைக்காரர் மூணாவது நாள் 4 கிலோல இறங்கினார். நெமோ ரீஃப்ல க்ளௌன் மீன் பக்கத்துல, மணல்லேருந்து ரெண்டு அடி மேல, கால உதைக்காம படுத்த மாதிரி நின்னு பாத்துட்டு இருந்தார். 45 நிமிஷம். ஒவ்வொரு டைவையும் குறிச்சு வைக்கிற லாக்புக்ல 4 கிலோன்னு மட்டும் எழுதாதீங்க, எந்த சூட், எந்த டேங்க், கடல் தண்ணியான்னும் சேர்த்து எழுதுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.